வீடு வீடாக வந்த படகுக்காரர்

அவர் பேசினால் எதிரில் நிற்பவர் சற்றுக் குனிந்துதான் கேட்க வேண்டும். அவ்வளவு சின்னக் குரல். அந்த மனிதர்தான் எங்கள் கடற்கரையிலேயே அதிகச் சத்தம் போடும் படகை ஓட்டிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு இராமேசுவரம் தீவுக்குள் மாற்றல் வந்தபோது மகள் கைக்குழந்தை. நான் சாயல்குடிப் பக்கம் மானாவாரிக் காட்டுக்கும் பனைகளுக்கும் நடுவில் வளர்ந்தவள். ஆடி அமாவாசைக்குக் குளிக்கப் போகும்போது கடலைப் பார்த்ததோடு சரி. அதனால் கடலைப் பார்த்த வீடு என்றதும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தேன். வாசலைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் தண்ணீர். தீவின் வடபுறத்துக் கடல் என்பதால் அலைகூடக் கிடையாது, கண்மாய் மாதிரிக் கிடக்கும். தொட்டிலைக் காற்றே ஆட்டிவிடுகிறது என்று அம்மாவிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒரு நாள் முற்பகலில் தகரக் கூரையை யாரோ ஒரே இழுப்பில் கிழிப்பதுபோலச் சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தொட்டிலில் கிடந்தவள் தூக்கிவாரிப் போட்டு அலறினாள். வெளியே ஓடிவந்து பார்த்தேன். சிவப்புப் படகு ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்னால் வெள்ளையாய் நுரை பறக்கப் போய்க்கொண்டிருந்தது. அதில் உட்கார்ந்திருந்த சுற்றுலாக்காரர்கள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு கூவிக்கொண்டிருந்தார்கள்.

அன்று முழுவதும் பிள்ளை சரியாகத் தூங்கவில்லை. அந்தப் படகுக்காரன் மட்டும் கையில் கிடைத்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாயங்காலம் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. கழுத்தில் சின்னச் சிலுவை.

“தங்கச்சி, பிள்ள முழிச்சிருச்சா இன்னைக்கு?” என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. “என்ன?” என்று முன்னால் போய் நின்றேன்.

“அந்தச் செவப்புப் படகு ஓட்டுறது நாந்தான். இங்கன கொடியில பிள்ளத் துணி காயுறதப் பாத்தேன். அதுக்குள்ள எஞ்சின ஸ்டார்ட் பண்ணிட்டேன். மன்னிச்சிக்கம்மா.”

அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அவரோ அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். “பிள்ள எப்ப எப்பத் தூங்கும்? சொன்னா அந்த நேரத்துல எடுக்காமப் பாத்துக்கிருவேன்.”

காலைக் குளியலுக்குப் பிறகு ஒரு தூக்கம், உச்சிக்குப் பிறகு ஒரு தூக்கம் என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். “இல்லம்மா, இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும்” என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கிவிட்டார். அந்த நாலு வீட்டுக்கும் இதற்காகத்தான் போகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

படகு அவருடையதில்லை. இராமநாதபுரத்தில் இருக்கும் ஒரு முதலாளியுடையது. வயதில் இவரைவிட மிகவும் சின்னவர். கோவாவில் பழையதாக விலைக்கு வந்த வேகப்படகை ஆசைப்பட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தவர். வந்ததும் அவர் செய்த முதல் வேலை அதன் சைலன்சரைக் கழற்றியது. பளபளக்கும் இரண்டு வெறுங்குழாய்களைப் பின்னால் நீட்டி மாட்டச் செய்தார். “தட்டி வச்சா எவன் படிக்கிறான்? சத்தந்தான் நமக்கு விளம்பரம்” என்பது அவர் கொள்கை. அந்த விளம்பரம் தீவில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சண்டைக்குப் போனால் படகில் நிற்பது இந்த மனிதர். போனவர்கள் எல்லாரும் என்னைப் போலவே வார்த்தை வராமல் திரும்பியவர்கள்.

அவரைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது, அவர் அந்தப் படகைக் கயிற்றில் பிடித்து நடத்திப் போகும் காட்சிதான். எங்கள் கரையில் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். வீடுகளுக்கு முன்னால் எஞ்சினை எழுப்ப மனம் வராமல், ஆட்களை ஏற்றி உட்காரவைத்துவிட்டு, முன்பக்கக் கயிற்றைத் தோளில் போட்டு, மாட்டைப் பிடித்துக்கொண்டு போவதுபோல ஆழத்துக்கு நடப்பார். வேகப்படகில் பறக்கலாம் என்று ஏறியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

“அண்ணே, எஞ்சின் ரிப்பேரா?” என்று யாராவது கேட்பார்கள்.

“இல்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு. வீடுக கொஞ்சம் தாண்டிரட்டும்.”

வாடைக் காற்று வீசும் மாதங்களில் சத்தம் நேரே வீடுகளுக்கு வரும் என்று இன்னும் தள்ளி நடப்பார். அப்போது தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்துவிடும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசினால் சத்தம் கடல் பக்கமாகப் போய்விடும். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும்.

ஒரு நாள் கரையில் பாசி எடுக்கும் பெண்களின் தலைவி மாதிரி இருந்த அக்காள் ஒருத்தி, என் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே அவரோடு போட்ட முதல் சண்டையைச் சொன்னாள். அந்தப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு கிழக்கே பாறைப் பக்கம் முங்கி, கடற்பாசியைப் பிடுங்கிச் சாக்கில் சேர்ப்பவர்கள். தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரியும். அதுவும் மூச்சு வாங்குகிற நேரம் மட்டும். படகு வந்த புதிதில் ஒரு நாள் அவள் மேலே வந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில் அது சீறிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

“இந்தா, கைய நீட்டுனாத் தொட்டுருவேன். செத்தேன்னுதான் நெனச்சேன். அம்புட்டுப் பேரும் கல்லெடுத்து எறிஞ்சோம். ஓடிப் போவாருன்னு பாத்தா, எஞ்சின அணைச்சுட்டுத் தண்ணியில இறங்கி எங்களப் பாத்து நடந்து வாராரு. வந்து நின்னாரு. நான் ஆரம்பிச்சேன். அவுக அப்பன், பாட்டன் யாரையும் விடல. மூச்சு வாங்க ஒரு நிமிசம் நிறுத்துனேன். ‘முடிஞ்சிருச்சா தாயி, இன்னும் இருக்கா’ன்னு கேட்டாரு. நக்கல் இல்ல. நெசமாவே கேக்குறாரு. இருந்தா நின்னு வாங்கிட்டுப் போவோம்னு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. வாயி அடைச்சுப்போச்சு.”

அன்றிலிருந்து அவர் தலை எண்ண ஆரம்பித்தார். காலையில் எத்தனை பெண்கள் இறங்குகிறார்கள் என்று கரையில் நின்று பார்த்துக்கொள்வார். அத்தனை தலையும் கரையேறினால்தான் படகு கிழக்கே போகும். ஒரு முறை ஒரு தலை குறைந்தது. படகில் ஆட்கள் நேரமாகிறது என்று கத்தியும் அவர் அசையவில்லை. கயிற்றை விட்டுவிட்டுப் பாறை வரைக்கும் தேடிப் போனார். கடைசியில் பார்த்தால் அந்தப் பெண் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே வேறு வழியாகக் கரையேறிப் பெரியபட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், “இனிமே போறப்ப ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா, தேடிட்டேன்” என்றாராம். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் லீவு போடுவதாக இருந்தால் புருஷனிடம் சொல்கிறார்களோ இல்லையோ, அவரிடம் சொல்லிவிடுவார்கள்.

இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் ஒதுக்கப்பட்டது. உச்சியில் கோயில் மணி அடிக்கும்போது ஓடாது. பாங்கு சொல்லும்போது ஓடாது. பாசிப் பெண்கள் தண்ணீரில் இருக்கும்போது ஓடாது. என் மகள் தூங்கும்போது ஓடாது. மேலத் தெருவில் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். படகின் மேல் கேஸ் போடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தவர். அவரிடமும் இவர் போய்த் தூங்கும் நேரத்தைக் கேட்டிருக்கிறார். பெரியவர் முதலில் மத்தியானத் தூக்கம் ஒன்றைச் சொன்னார். கேட்டது கிடைக்கிறது என்றதும் காலைப் பலகாரத்துக்குப் பிறகும் ஒன்று சேர்த்துக்கொண்டார். பிறகு பேப்பர் படிக்கும் நேரத்தையும் சேர்த்தார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

படகுக்காரரின் மனைவி கருவாடு விற்பவர். கூடையை என் வாசலில் இறக்கிவைத்து இளைப்பாறும்போது சொல்வார், “ஊருல ஒருத்தர் மனசும் நோகக் கூடாது இந்த மனுசனுக்கு. தும்மல் வந்தாக்கூட வெளிய போயித் தும்மிட்டு வருவாரு. விசைப்படகுல போன காலத்துலயும் இப்பிடித்தான். அடுத்தவன் வலையில மாட்டிக்கிரும்னு ஒதுங்கி ஒதுங்கி, இவரு படகு மட்டும் வெறுங்கையோட வரும்.”

பள்ளி விடுமுறை தொடங்கி, தீவு முழுக்கச் சுற்றுலா வண்டிகளாக நின்ற சமயம் அது. முதலாளி முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இறங்கினார். நான் வெளியே கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். கரையில் கூட்டம் நிற்கிறது. படகு கட்டிக் கிடக்கிறது. இவர் அதன் பக்கத்தில் நின்று ஒரு துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, ஏன் எடுக்கல?”

“பிள்ள தூங்குது மொதலாளி.”

“எந்தப் பிள்ள?”

அவர் என் வீட்டைக் காட்டினார். நான் ஈரத் துணிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“சரி. எப்ப முழிக்கும்?”

“கொஞ்ச நேரத்துல முழிச்சிரும். ஆனா அதுக்குள்ள கோயில் மணி அடிச்சிரும்.”

“அது முடிஞ்சதும் எடுக்கலாம்ல?”

“முடிஞ்சதும் பாங்கு சொல்லிருவாக. அதுக்கப்புறம் மேலத் தெருப் பெரியவரு சாப்புட்டுப் படுப்பாரு.”

“அவரு எந்திரிச்ச பெறகு?”

“அப்ப பிள்ள திருப்பித் தூங்கிரும் மொதலாளி.”

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். கோபக்காரர் இல்லை அவர். ஆனாலும் எந்த முதலாளிதான் பொறுப்பார். “அண்ணே, நீங்க நல்ல மனுசன். ஆனா எனக்கு வேண்டியது படகு ஓட்டுற ஆளு. ஞாயித்துக்கெழம வேற ஒருத்தரக் கூட்டிட்டு வாரேன். சாவியக் குடுத்துருங்க” என்றார். இவர் சரி என்று தலையாட்டினார். முதலாளிக்கு இவ்வளவு தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்கிற முகம்தான் அவருக்கு. அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

செய்தி அன்றே எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. புதிதாக வருபவன் இளவட்டம், பந்தயத்தில் போவதுபோல ஓட்டுவான் என்றும் யாரோ சொன்னார்கள். பாசி அக்காள் சனிக்கிழமை என் வாசலில் வந்து நின்றாள். அவ்வளவு கவலையாக அவளை நான் பார்த்ததில்லை.

“இவரு தலை எண்ணுறவரு. வாரவன் எண்ணுவானா? நாளைக்கு எங்கள்ல ஒருத்தி தண்ணிக்குள்ள இருந்து மேல வாரப்ப அவன் எங்கன வருவான்னு யாருக்குத் தெரியும்?”

என் பிள்ளையின் தூக்கம் அந்தக் கணத்தில் மிகச் சின்ன விஷயமாகிவிட்டது. “பிள்ளைய நான் உள்ரூம்ல போட்டுக்கிறேன் அக்கா. எங்க நேரத்த விட்டுர்றோம்” என்றேன்.

இரண்டு பேருமாக மேலத் தெருப் பெரியவரிடம் போனோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் யோசித்தார். “காலைத் தூக்கத்த விட்டுக்கொடுக்கிறேன். பேப்பர் படிக்கிறதையும் விட்டுக்கொடுக்கிறேன்” என்றார் தியாகம் செய்பவரைப் போல. உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “மத்தியானத்தையும் சேத்து விடுங்க. நீங்க எங்க தூங்குறீக? டிவிதான் பாக்குறீக.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில் முதலாளி காரில் வந்தார். கூடவே புது ஆள், முறுக்கு மீசையோடு. இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படகருகே முழங்கால் தண்ணீரில் நின்றார். பாசிப் பெண்கள், பெரியவர், இடுப்பில் பிள்ளையோடு நான், எல்லாரும் எதிரே போய் நின்றதும் முதலாளி இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

“தெரியும், தெரியும். படக நிறுத்தச் சொல்லி வந்துருக்கீக. அது முடியாது.”

“யாரு நிறுத்தச் சொன்னா?” என்றாள் பாசி அக்காள். “ஓட்டச் சொல்லி வந்துருக்கோம். இவருதான் ஓட்டணும்.”

முதலாளிக்குப் புரியவில்லை. ஒவ்வொருவராகச் சொன்னோம். பிள்ளைக்கு வேறு அறை இருக்கிறது என்றேன் நான். தூக்கம் ஒரு பெரிய விஷயமில்லை என்றார் பெரியவர். “நாங்க தண்ணிக்குள்ள இருக்கிற நேரம் மட்டும் கெழக்க வரக் கூடாது. அத விட முடியாது. அது உசுரு” என்றாள் அக்காள். “மத்தபடி பகல் முழுக்க ஓட்டிக்கங்க. காதப் பொத்திக்கிறோம்.”

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. தன் பொருட்டு இத்தனை பேர் சிரமப்படப் போகிறார்கள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. முதலாளியின் முன்னால் நின்று என்னவோ சொன்னார். வழக்கம்போல ஒருவருக்கும் கேட்கவில்லை.

“என்னண்ணே?” என்று முதலாளி குனிந்தார்.

“அந்தச் சைலன்சர மாட்டிரணும் மொதலாளி.”

இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். “மாட்டுனா ஓட்டுறேன். இல்லாட்டி எனக்கு இந்த வேல வேணாம். இவுக யாரும் தூக்கத்த விட வேணாம்.”

முதலாளி அவரையே பார்த்தார். “ஏண்ணே, இத ஏன் இத்தன நாளாச் சொல்லல?”

“ஆசப்பட்டு மாட்டுன கொழாயி. கழத்தச் சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்.”

பிறகு பாசி அக்காள் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து மற்றப் பெண்களும் சிரித்தார்கள். ஊர் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர், ஒரே ஒருவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த ஒருவரின் மனமும் நோகக் கூடாது.

முதலாளி விட்டுக்கொடுக்க மனமில்லாமல், “சத்தம் இல்லாட்டி கூட்டம் வராதுண்ணே” என்றார்.

அதுவரை வாயே திறக்காத புது ஆள் மீசையைத் தடவிக்கொண்டு முதலாளியிடம் சொன்னான். “அண்ணே, தப்பா நெனைக்காதீக. கொழாய மாட்டுன புதுசுல ஒருக்கா ஓட்டிப் பாத்ததுல எனக்குச் சாயங்காலம் வரைக்கும் காது கேக்கல. அந்தக் கொழாயோடன்னா நானும் ஓட்ட மாட்டேன். வழியிலயே சொல்லணும்னுதான் இருந்தேன்.”

முதலாளி படகைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஒரு விரலால் தன் வலது காதைக் குடைந்துகொண்டே, “எனக்கும் இந்தப் பக்கம் கொய்யுன்னுதான் இருக்கு” என்றார்.

அந்த வாரமே ஒரு மெக்கானிக் வந்து குழாய்களைக் கழற்றிச் சைலன்சரை மாட்டினார். அதன்பிறகு படகின் சத்தம் தோட்டத்தில் ஓடும் தண்ணீர் மோட்டார் அளவுக்கு இறங்கிவிட்டது. கூவும் இளவட்டங்கள் கொஞ்சம் குறைந்தார்கள். பிள்ளைகுட்டியோடு குடும்பங்கள் ஏற ஆரம்பித்தன. முதலாளிக்கு நட்டமில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த கோடைக்குப் படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார். பாசி அக்காளுக்கு மட்டும் கடைசி வரை அந்தப் படகு பிடிக்கவில்லை. “அது படகா, சனியன்” என்பாள். அவர் தலை எண்ணுவதையும் நிறுத்தவில்லை.

சைலன்சர் மாட்டிய பிறகு அவர் சாயங்காலங்களில் எங்கள் பக்கம் வருவது நின்றுபோனது. மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லாதபோது ஒரு வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை போல. வீட்டுக்காரர்தான் ஒரு நாள் கரைக்குப் போய்க் கையோடு கூட்டிவந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீயைக் குடித்தார். பாதிக் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னை நிமிர்ந்து பார்த்து, “கொஞ்சம் சீனி போடுறியாம்மா?” என்றார். கேட்டுவிட்டு அவரே ஆச்சரியப்பட்டுப்போனதுபோல இருந்தது.

அவர் மனைவி சில நாட்கள் கழித்துக் கருவாட்டுக் கூடையோடு வந்தார். கூடையை இறக்காமலேயே பொரிய ஆரம்பித்தார்.

“அந்த ஞாயித்துக்கெழமையில இருந்து மனுசன் ஆளே மாறிப்போனாரு தங்கச்சி. நேத்துச் சாப்புட உக்காந்தவரு, எனக்குக் கத்திரிக்கா பிடிக்காதுங்கிறாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதத்தான வச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பாரா? தட்டுல மிச்சம் வச்சிருப்பாரா? மகளுக்கே கல்யாணம் ஆகிப்போச்சு, இப்ப வந்து பிடிக்காதாம்.”

“அதுக்கு நீங்க என்ன சொன்னீக?” என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல. நல்லா வைஞ்சேன்” என்றார். கூடை ஓரத்தில் செருகியிருந்த துணிப்பையை எடுத்து என்னிடம் விரித்துக் காட்டினார். உள்ளே பிஞ்சு வெண்டைக்காய். “மனுசனுக்கு வேற என்னென்ன பிடிக்காதுன்னு இன்னைக்கு உக்கார வச்சுக் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.